கல்லூரி நூலகத்தில் இ-ரீடர் இரவல்: வாங்குவதிலிருந்து கழிப்பது வரை

எங்கள் கல்லூரி நூலகத்துக்கு இ-ரீடர் (மின்னூல் படிக்கும் கருவி) வந்த கதை ரொம்பச் சாதாரணமானது. நிதியாண்டு முடிய இரண்டு வாரம் இருந்தது, கொஞ்சம் பணம் மிச்சமிருந்தது, ஆறு கருவி வாங்கினோம். பெட்டியைப் பிரித்தோம், பதிவேட்டில் ஏற்றினோம், பீரோவில் வைத்துப் பூட்டினோம். எட்டு மாதம் கழித்து ஒரு மாணவி கவுன்டருக்கு வந்து, "சார், அந்த கிண்டில் எல்லாம் யாருக்குக் குடுப்பீங்க?" என்று கேட்டபோதுதான் பீரோவைத் திறந்தேன். ஆறில் இரண்டுக்குச் சுத்தமாகச் சார்ஜ் இறங்கி, ராத்திரி முழுக்கச் செருகி வைத்த பிறகே உயிர் வந்தது. ஆறிலும் ஒரு புத்தகம்கூட இல்லை.

சீர்காழியில் பிறந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்பை ஏற்ற எஸ். ஆர். ரங்கநாதன், 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவதே நூல்கள் பயன்பாட்டுக்கு என்பதுதான். நூலகவியல் படித்த அத்தனை பேரும் தேர்வில் எழுதி மார்க் வாங்கிய விதி. நானும் வாங்கினேன். பீரோ சாவி என் மேசை டிராயரில் இருந்தது.

அதற்கப்புறம் சில ஆண்டுகளாக இந்தக் கருவிகளை இரவல் கொடுத்து வருகிறோம். மற்ற கல்லூரி நூலகர்கள் போனில் கேட்கும்போதெல்லாம் துண்டு துண்டாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டில் ஒரு நடுத்தரக் கலை அறிவியல் கல்லூரியை மனதில் வைத்து எழுதியது. பெரிய பல்கலைக்கழகங்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

படி 1: கருவியை மறந்துவிட்டு, உள்ளே என்ன போடுவது என்று பாருங்கள்

எல்லாரும் "எந்த மாடல் வாங்கலாம்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அது கடைசிக் கேள்வி. கருவி நம் சொத்து, அதை யாருக்கு வேண்டுமானாலும் இரவல் கொடுக்கலாம். அதற்குள் இருக்கும் நூலுக்கு நம்மிடம் என்ன உரிமை இருக்கிறது என்பதில்தான் வேலையே இருக்கிறது.

அச்சுப் புத்தகத்தில் இந்தக் குழப்பம் கிடையாது. கடையில் வாங்கினால் அந்தப் பிரதி நம்முடையது, அது கிழிந்து தொங்கும்வரை ஆயிரம் பேருக்குக் கொடுக்கலாம். மின்னூல் அப்படியல்ல. அமேசானின் கிண்டில் கடையில் 'வாங்கு' பொத்தானை அழுத்தினாலும் நமக்குக் கிடைப்பது படிப்பதற்கான உரிமம் மட்டும்தான். அமேசானின் விதிமுறைகள் அதைத் தனிப்பட்ட, வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு என்று வரையறுக்கின்றன. வாடகைக்கு விடுவதையும் பிறருக்கு வினியோகிப்பதையும் தடுக்கின்றன. ஒரு கணக்கில் வாங்கிய நூலைப் பொதுவாக ஆறு கருவிகள் வரை இறக்கிக்கொள்ளலாம் என்பதைப் பார்த்து, 'ஒன்று வாங்கினால் ஆறு பிரதி' என்று கணக்குப் போடும் நண்பர்கள் உண்டு. அந்த வசதி ஒரே ஆளின் போனுக்கும் டேப்லெட்டுக்குமானது, ஆறு மாணவர்களுக்கானது அல்ல. 2025 பிப்ரவரியில் அமேசான், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கேபிள் வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியையும் எடுத்துவிட்டது. நான் முடிவாகச் சொல்வது இது: அந்தக் கடையில் காசு கொடுத்து நூல் வாங்கிக் கல்லூரிக் கருவியில் போடாதீர்கள்.

நூலகங்களுக்கென்றே மின்னூல் விற்கும் முறை வெளிநாடுகளில் இருக்கிறது. ஓவர்டிரைவ் போன்ற நிறுவனங்கள் வழியாக வரும் அந்த நூல்கள் பெரும்பாலும் 'ஒரு பிரதி, ஒரு வாசகர்' கணக்கில்தான் ஓடும். ஒருவர் எடுத்தால் அடுத்தவர் வரிசையில் நிற்க வேண்டும். 2011-ல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம், 26 முறை இரவல் போனதும் உரிமம் முடிந்துவிடும், மறுபடி வாங்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தபோது அமெரிக்க நூலகர்கள் கொதித்துப் போனார்கள். எங்கள் நூலகத்தில் 26 முறை போன புத்தகத்துக்கு ஒரு பைண்டிங் போட்டால் இன்னொரு 26 முறை போகும்.

"நம்மிடம் இருக்கும் அச்சு நூலை ஸ்கேன் செய்து போட்டுவிடலாமே" என்பது அடுத்த யோசனை. வேண்டாம். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, 2012 திருத்தத்துக்குப் பிறகு, வணிக நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடம் ஏற்கெனவே உள்ள நூலைப் பாதுகாப்பதற்காக மின்வடிவில் வைத்துக்கொள்ள இடம் தருகிறது. பாதுகாப்பது வேறு, இரவல் கொடுப்பது வேறு. அமெரிக்காவில் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகம் ஸ்கேன் செய்த நூல்களை இரவல் கொடுத்ததற்கு எதிராக நான்கு பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், 2023-ல் தீர்ப்பு பதிப்பகங்கள் பக்கம் போனது. 2024-ல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. அது அந்த ஊர்ச் சட்டம்தான். ஆனாலும் அவ்வளவு பெரிய அமைப்பே தோற்ற இடத்தில் நம் கல்லூரி ஸ்கேனரை வைத்துக்கொண்டு என்ன செய்துவிடப் போகிறோம்?

சரி, அப்படியென்றால் என்னதான் போடுவது? பயப்பட வேண்டாம், நிறையவே இருக்கிறது.

இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். தாகூர் 1941-ல் இறந்தார், காந்தி 1948-ல். இருவர் எழுத்தும் எப்போதோ பொதுவுக்கு வந்துவிட்டது. 2001-ல் இறந்த ஆர். கே. நாராயணுக்கு 2061 முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஆங்கிலத் துறைக்குத் தேவையான ஷேக்ஸ்பியர், ஆஸ்டின், டிக்கன்ஸ், ஹார்டி எல்லாம் குட்டன்பர்க் திட்டம் என்ற இலவச மின்னூல் தளத்தில் இருக்கிறார்கள். அதே நூல்களைப் பிழைதிருத்தி, அழகாகப் பக்கம் அமைத்துத் தரும் ஸ்டாண்டர்ட் ஈபுக்ஸ் தளத்தில் இருந்தால் அங்கிருந்து எடுப்பது நல்லது.

தமிழுக்கு நம் நிலைமை இன்னும் நல்லது. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம், காப்பியங்கள், பிரபந்தங்கள் எல்லாம் தட்டச்சாகவே கிடைக்கின்றன. தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் பார்க்கலாம். பாரதி, கல்கி, புதுமைப்பித்தன் என்று பாடத்திட்டத்தில் வரும் பெயர்கள் பலவும் அதில் அடங்கும். ஈழத்து நூல்களுக்கு 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டம் இருக்கிறது. இன்றைய எழுத்தாளர்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுத்த நூல்களுக்கு ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ். இந்தக் கடைசித் தளம் ஈபப், மோபி, ஆறு அங்குலப் பிடிஎஃப் என்று பல வடிவங்களில் தருவதால் நம் வேலை பாதி குறைகிறது.

இதில் ஒரு பள்ளம் உண்டு, நான் விழுந்திருக்கிறேன். மூலம் பொதுச் சொத்தாக இருக்கலாம், அதற்கு எழுதிய உரை அப்படி இருக்காது. குறுந்தொகைப் பாடலுக்கு உரிமை கொண்டாட ஆளில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு பேராசிரியர் எழுதிய விளக்கவுரை அவருடையது. பரிமேலழகரைத் தாராளமாகப் போடலாம். மொழிபெயர்ப்பும் அப்படித்தான், டால்ஸ்டாய் 1910-ல் இறந்துவிட்டார், அவரைத் தமிழாக்கியவர் எப்போது இறந்தார் என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வழி, கேட்பது. சிறு பதிப்பகங்களுக்கு, எத்தனை கருவி, எத்தனை ஆண்டு, பூட்டில்லாத (நகலெடுக்கத் தடை போடாத) ஈபப் கோப்புக்கு எவ்வளவு கேட்பார்கள் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். மூன்று பேருக்கு எழுதியதில் ஒருவர் பதில் போட்டார். ஒரே ஒரு அனுமதிக் கடிதம்தான், ஆனால் தணிக்கைக்கு வந்தவர் முன்னால் அதை எடுத்துக் காட்டும்போது கிடைக்கிற தெம்பே தனி. அப்புறம் துறை ஆசிரியர்களின் பாடக்குறிப்புகள் (எழுதிக் கொடுத்த சம்மதத்தோடு), கல்லூரி ஆண்டு மலர், பழைய வினாத்தாள்கள். எங்கள் கருவிகளில் அதிகம் திறக்கப்படுவது எது என்று கேட்டால், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: வினாத்தாள்.

படி 2: தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா?

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது. ஒரு சின்ன ஈபப் கோப்பு தயாரித்துக்கொள்ளுங்கள். அதில் கொக்கு, கேணி, சோறு, பௌர்ணமி, ஸ்ரீரங்கம், பக்ஷி என்று பத்து வார்த்தை போதும். யாரிடமாவது அந்த மாடல் இருந்தால் அதில் போட்டுத் திறந்து பாருங்கள். தமிழ் வடிவமைப்பு சரியில்லாத கருவியில் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும், அல்லது தனியாக ஒரு புள்ளி வட்டத்தின் பக்கத்தில் தொங்கும். 'கொக்கு' என்பதைப் படிக்க முடியாது. கிண்டில் கடையில் 2016 முதல் தமிழ் நூல்கள் வருகின்றன, அதனால் இப்போதைய கிண்டில்களில் இந்தச் சிக்கல் இல்லை. பழைய கருவிகளை யாராவது நன்கொடையாகக் கொடுத்தால்தான் இந்தப் பூதம் கிளம்பும். அப்போது கைகொடுப்பது அந்த ஆறு அங்குலப் பிடிஎஃப். அதில் எழுத்துரு கோப்புக்குள்ளேயே இருப்பதால் உருக்குலையாது. எழுத்தைப் பெரிதாக்கத்தான் முடியாது.

பிடிஎஃப் என்றதும் இன்னொன்று. ஏ4 அளவுப் பிடிஎஃப்பை ஆறு அங்குலத் திரையில் போட்டால் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும். கருவியைப் பக்கவாட்டில் திருப்பி, ஓரங்களை வெட்டினால் சமாளிக்கலாம், சுகமாக இருக்காது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் செய்த பிடிஎஃப்களில் வேறு தொல்லை: கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். 'தமிழ்' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது, ஈபப்பாக மாற்றினால் கிறுக்கல் வரும். அவற்றை முதலில் யூனிகோடு மாற்றியில் போட்டு எடுக்க வேண்டும்.

வடிவம் மாற்றுவதற்குக் காலிபர் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள். 2006-ல் கோவிட் கோயல் தொடங்கியது, இன்றுவரை இதற்கு மாற்று இல்லை. கிண்டிலுக்குக் கேபிள் வழியாக ஈபப்பை அப்படியே அனுப்பினால் திறக்காது; காலிபரில் ஏஇசட்டபிள்யூ3 வடிவத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். கருவிக்கான மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பினால் 2022 முதல் ஈபப்பையே ஏற்றுக்கொள்கிறது. கோபோ போன்ற கருவிகளுக்கு இந்தத் தலைவலி இல்லை, ஈபப்பை அப்படியே படிக்கும்.

படி 3: வாங்குவதும் பதிவதும்

ஐந்தோ ஆறோ போதும். இருபது வாங்கினால் இருபதுக்கும் சார்ஜ் போட யாராவது வேண்டும். ஆறு அங்குலத்துக்குக் குறையாத மின்மைத் திரை (இ-இங்க், அச்சுக் காகிதம் மாதிரித் தெரிவது), உள்விளக்கு, 8 ஜிபி நினைவகம் இருந்தால் வேலை நடக்கும். டேப்லெட் வாங்கலாமே என்று கணினித் துறையிலிருந்து யோசனை வரும். டேப்லெட் கொடுத்தால் அதில் வேறு எல்லாம் நடக்கும், படிப்பதைத் தவிர. மின்மைத் திரை பக்கம் புரட்டும்போது மட்டும்தான் திரைக்கு மின்சாரம் எடுக்கும், அதனால் சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும். விடுதியில் ஒரே பிளக் பாயின்ட்டுக்கு நான்கு பேர் அடித்துக்கொள்ளும் அறையில் இது சின்ன விஷயமல்ல.

அரசு கல்லூரியென்றால் ஜெம் என்ற அரசுக் கொள்முதல் தளம், மற்றவர்களுக்கு மூன்று கொட்டேஷன். எந்தக் கணக்குத் தலைப்பில் வாங்குகிறீர்கள் என்பதை அலுவலகக் கண்காணிப்பாளரோடு முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். நாங்கள் நூல் கொள்முதல் தலைப்பில் வாங்கிவிட்டோம். அடுத்த ஆண்டு இருப்புச் சரிபார்ப்புக்கு வந்தவர், "இது புக்கா, மெஷினா?" என்று கேட்டார். நூல் சேர்க்கைப் பதிவேட்டில் இருந்தால் புத்தகம், அலமாரியில் இருக்க வேண்டும். சாதனப் பதிவேட்டில் இருந்தால் இயந்திரம், தேய்மானம் போட வேண்டும். இரண்டு மணி நேரம் போனது. கருவியைச் சாதனப் பதிவேட்டில் ஏற்றுங்கள். உள்ளே போடும் மின்னூல்களுக்குத் தனியாக ஒரு மின்னூல் பதிவேடு வைத்து, தலைப்பு, எங்கிருந்து எடுத்தது, எந்த உரிமத்தில், எந்தத் தேதியில், எந்தெந்தக் கருவியில் என்று எழுதுங்கள். அந்த 'எந்த உரிமத்தில்' என்ற பத்தி காலியாக இருந்தால் அந்த நூல் கருவிக்குள் போகக் கூடாது.

படி 4: கருவியைத் தயார் செய்தல்

நூலகத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் உருவாக்கி, அதில் கணக்குத் தொடங்குங்கள். நூலகர் தன் சொந்தக் கணக்கில் பதிந்துவிட்டு மாற்றலாகிப் போன கல்லூரி ஒன்றை எனக்குத் தெரியும். அடுத்து வந்தவர் ஆறு மாதம் அவரைத் தேடி ஓடிபி கேட்டுக்கொண்டிருந்தார். கணக்கில் கிரெடிட் கார்டு, யுபிஐ எதையும் சேர்க்காதீர்கள். கடவுச்சொல்லை ஒரு உறையில் போட்டு முதல்வர் அறையில் கொடுத்து வையுங்கள்.

கிண்டிலில் 'பேரன்டல் கன்ட்ரோல்ஸ்' என்ற அமைப்புக்குள் போய், கடையையும் உலாவியையும் அடைத்து, ஒரு கடவுச்சொல் போடுங்கள். கல்லூரி மாணவனுக்குப் பெற்றோர் கட்டுப்பாடா என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்தப் பூட்டை அதிகம் நம்பவும் வேண்டாம். கருவியை மொத்தமாக அழித்துப் புதிதாக்கும் வழி இணையத்தில் தேடினால் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும். அதனால் எல்லாக் கோப்புகளும் காலிபரில் ஒரு பிரதி இருக்க வேண்டும், அழிந்தால் திரும்ப ஏற்ற அரை மணி நேரம்தான்.

நூல்களை ஏற்றும்போது ஒரு யோசனை: ஆறு கருவியிலும் ஒரே ஐந்நூறு நூலைக் கொட்டாதீர்கள். முதலில் அப்படித்தான் செய்தோம், திறந்தவர்கள் பட்டியலைப் பார்த்தே களைத்துப்போனார்கள். இப்போது ஒவ்வொன்றும் ஒரு குட்டி அலமாரி. ஒன்றில் சங்க இலக்கியமும் பழைய உரைகளும். இன்னொன்றில் ஆங்கில நாவல். மூன்றாவது, தமிழ்ச் சிறுகதை. நான்காவது போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு, பள்ளிப் பாடநூல்களோடு. ஒவ்வொன்றிலும் அறுபது எழுபது நூல், அவ்வளவுதான். "சார், அந்த சிறுகதை கிண்டில் வந்துடுச்சா?" என்று கேட்டு வருகிறார்கள். எண் 3 என்று யாரும் கேட்பதில்லை.

பின்பக்கம் பார்கோடு ஸ்டிக்கர், நூலக முத்திரை. உறையின் மேல் ஒட்டாதீர்கள், உறை மாறிப்போகும். வரிசை எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். உறை கட்டாயம், கேபிள் ஒன்று கூடக் கொடுங்கள், சார்ஜர் தலை வேண்டாம். எல்லார் வீட்டிலும் போன் சார்ஜர் இருக்கிறது, நாம் கொடுத்தால் அது திரும்பி வராது.

படி 5: பட்டியலில் ஏற்றுதல்

நிறையப் பேர் விட்டுவிடும் படி இது. மாணவர் கணினிப் பட்டியலில் ஒரு சிறுகதைத் தொகுப்பைத் தேடினால், 'இது சிறுகதைக் கருவியில் இருக்கிறது' என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த நூல் இல்லாததற்குச் சமம்.

கோஹா என்ற நூலக மென்பொருளில் முதலில் 'இ-ரீடர்' என்று ஒரு புதிய பொருள் வகை உருவாக்குங்கள். கருவிக்கு ஒரு பதிவு, அதன் 505 புலத்தில் உள்ளே இருக்கும் நூல்களின் தலைப்புகள். இணையத்தில் நேரடியாகத் திறக்கக் கூடிய மின்னூல்களுக்குத் தனித்தனிப் பதிவு போட்டு, 856 புலத்தில் சுட்டியைக் கொடுங்கள். தலைப்புகளைத் தமிழிலேயே தட்டச்சு செய்யுங்கள், ஒலிபெயர்ப்பையும் கூடவே. பாதி மாணவர்கள் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள், அதற்காகக் கோபித்துக்கொண்டு பயனில்லை. பிறகு இரவல் விதியில் இந்த வகைக்கு ஒருவருக்கு ஒன்று, 14 நாள், முன்பதிவு இல்லாவிட்டால் ஒரு முறை நீட்டிப்பு.

படி 6: விதிகள், குறிப்பாக உடைந்தால்

ஒரே பக்கத்தில், தமிழில் எழுதுங்கள். மாணவர் கையெழுத்துப் போட வேண்டும், அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும். முன்பணம் வாங்கலாமா என்று எங்கள் குழுவில் ஒரு மணி நேரம் சண்டை. நான் வேண்டாம் என்றேன். இந்தக் கருவி யாருக்கு அதிகம் தேவையோ அவர்களால்தான் ஐந்நூறு ரூபாய் கட்ட முடியாது. கல்லூரியிடம் அதைவிட வலுவான ஆயுதம் இருக்கிறது: நோ டியூ. நூலகக் கையெழுத்து இல்லாமல் டிசி வாங்க முடியாது என்பது முதலாண்டு மாணவருக்கே தெரியும்.

தாமதக் கட்டணத்தை அச்சுப் புத்தகத்தைப் போலவே வையுங்கள். உடைந்தால் என்ன என்பதைத்தான் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும், உடைந்த பிறகு பேசக் கூடாது. ஒரு நாள் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி கருவியைத் துப்பட்டாவில் சுற்றிக் கொண்டுவந்து கவுன்டரில் வைத்தாள். திரையின் மேல் பாதி சரியாக இருந்தது. கீழ்ப்பாதியில் கோடு கோடாக, மரப்பட்டை மாதிரி. கண்ணாடி உடையவில்லை, விரலால் தடவினால் வழுவழுவென்றே இருந்தது.

"கீழ போட்டியாம்மா?"

"இல்ல சார். பையிலதான் வச்சிருந்தேன். டிபன் பாக்ஸ் மேல இருந்துச்சு. பஸ்ல கூட்டம்."

உண்மைதான். பல கருவிகளில் மின்மைத் திரைக்கு உள்ளே மெல்லிய கண்ணாடித் தகடு இருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாமல் அழுத்தத்திலேயே அது விரிசல் விட்டுவிடும். திரை மாற்றுவதற்கு ஆகும் செலவு கருவியின் விலையில் பாதியைத் தொடும், உதிரிபாகம் கிடைப்பதும் சந்தேகம். அன்றைக்கு எங்களிடம் விதி எதுவும் இல்லை. அந்தப் பெண் இரண்டு வாரம் நூலகத்துப் பக்கமே வரவில்லை. அதன் பிறகு எழுதிய விதி இது: முதல் முறை தற்செயலாக உடைந்தால் நூலகம் ஏற்கும், மாணவர் ஒரு கடிதம் கொடுத்தால் போதும், தொலைந்தால் பாதி விலை, தவணையில் கட்டலாம். கடினமான அட்டை உறையும் அதற்குப் பிறகுதான் வாங்கினோம். அந்த உறை வந்த பிறகு திரை எதுவும் போகவில்லை.

படி 7: கவுன்டரில் மூன்று நிமிடம்

பார்கோடு அடித்துக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். மாணவர் கண் முன்னாலேயே கருவியைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி, விளக்கைக் குறைப்பது எப்படி, வார்த்தையை அழுத்திப் பிடித்தால் அகராதி வருவது எப்படி என்று காட்டுங்கள். ஆங்கில நாவலைக் கையில் தொடப் பயப்படுகிற மாணவருக்கு அந்த அகராதி ஒன்றே போதும், பக்கத்தில் இருப்பவன் பார்க்காமல் நூறு வார்த்தைக்கு அர்த்தம் பார்க்கலாம். அப்புறம், டிபன் பாக்ஸ் கதையையும் சொல்லுங்கள்.

படி 8: திரும்பி வரும்போது

திரை, உறை, கேபிள் மூன்றையும் பாருங்கள். சார்ஜ் போடுங்கள். பிறகு ஒரு முக்கியமான வேலை. கிண்டிலைக் கணினியில் செருகினால் உள்ளே 'மை கிளிப்பிங்ஸ்' என்று ஒரு உரைக் கோப்பு இருக்கும். படித்தவர் அடிக்கோடிட்ட வரிகள், எழுதிய குறிப்புகள் எல்லாம் தேதி, நேரத்தோடு அதில் விழுந்திருக்கும். ராத்திரி 2.10-க்கு ஒருவர் எந்த வரியை அடிக்கோடிட்டார் என்பது அடுத்தவருக்கும் வேண்டாம், நமக்கும் வேண்டாம். மாணவருக்குத் தேவையா என்று கேளுங்கள். தேவையென்றால் அவர் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டு அழியுங்கள். நூலுக்குள்ளேயே தெரியும் அடிக்கோடுகளும் போக, அந்த நூலை நீக்கி மறுபடி ஏற்றுவது சுலபம். பழைய புத்தகங்களில் பென்சில் குறிப்பைப் படிக்கும் சுகம் போய்விடுகிறதே என்று எனக்கும் வருத்தம்தான். ஆனால் பென்சிலில் எழுதியவர் அடுத்தவர் பார்ப்பார் என்று தெரிந்தே எழுதினார்.

கருவி இல்லாதவர்களுக்கு

ஆறு கருவியை வைத்துக்கொண்டு ஆயிரம் பேருக்குச் சேவை என்று சொல்ல முடியாது. மீதிப் பேருக்கு அவரவர் போன்தான். காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் நடத்தும் என்-லிஸ்ட் திட்டத்தில் கல்லூரி சேர்ந்திருந்தால், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மின்னிதழ்களும் சுமார் இரண்டு லட்சம் மின்னூல்களும் ஒவ்வொரு மாணவருக்கும் திறக்கும். பல கல்லூரிகளில் சந்தா கட்டுவதோடு வேலை முடிந்துவிடுகிறது, மாணவருக்குப் பயனர் பெயரே போய்ச் சேருவதில்லை. முதலாண்டு சேர்க்கைப் பட்டியல் கைக்கு வந்த வாரமே எல்லாருக்கும் கணக்கு உருவாக்கி, துறைவாரியாக அரை மணி நேரம் வகுப்பெடுங்கள். ஐஐடி காரக்பூர் நடத்தும் தேசிய மின்னூலகத்தில் தனியாகவே பதிந்துகொள்ளலாம், செலவில்லை. இந்தச் சந்தா நூல்களை இறக்கி நம் கருவியில் போட்டுச் சுற்றுக்கு விடாதீர்கள். அவை அந்தந்த மாணவரின் கணக்குக்கு மட்டும் உரியவை, அத்தியாயம் அத்தியாயமாகப் பிடிஎஃப்பாகத் திறப்பதால் போன் திரையே போதும்.

பார்வைக் குறைபாடுள்ள மாணவர் ஒருவர் இருந்தாலும், திட்டத்தைத் தொடங்கும்போதே அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கருவியைக் கையில் கொடுங்கள். 2009-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் பாடநூல்களுக்குக் கிண்டில் டிஎக்ஸ் கொடுக்கப் போனபோது, பார்வையற்றோர் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. அந்தக் கருவி நூலை உரக்கப் படிக்கும். ஆனால் நூலைத் தேர்ந்தெடுக்கும் மெனு பேசாது, கண் தெரியாதவர் நூலுக்குள் போகவே முடியாது. 2010 ஜனவரியில் சமரசமானது. நம் சட்டத்திலும் 2012 திருத்தம், மாற்றுத்திறனாளிகள் படிக்கக் கூடிய வடிவத்துக்கு நூலை மாற்றித் தர அனுமதிக்கிறது; சுகம்ய புஸ்தகாலயா என்ற மின்னூலகம் 2016 முதல் இயங்குகிறது. எங்கள் மாணவர் ஒருவர் இ-ரீடரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தன் போனில் கேட்பதே வசதி என்றார். அவருக்கு நாங்கள் செய்தது பாட நூல்களை ஒழுங்கான ஈபப்பாக மாற்றிக் கொடுத்தது மட்டும்.

கழிக்கும்போது

விடுமுறைக்கு முன் கருவிகளைப் பாதிச் சார்ஜில் அணைத்து வையுங்கள். மாதம் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். லித்தியம் பேட்டரி சும்மா கிடந்தாலும் தேயும். பேட்டரி இரண்டு நாள்கூட நிற்காத நிலைக்கு வந்ததும், சாதனக் கழிவுக் குழுவில் வைத்து ஒப்புதல் வாங்குங்கள். அதற்குப் பிறகு வரிசை முக்கியம்: முதலில் கணக்கிலிருந்து கருவியைப் பதிவுநீக்கம் செய்து, பிறகு மொத்தமாக அழித்து, கோஹாவில் அந்தப் பதிவைப் பயன்பாட்டிலிருந்து நீக்கியது என்று குறித்து, மின்னூல் பதிவேட்டில் அந்தக் கருவியின் பத்தியில் கோடு போடுங்கள். பழைய பேப்பர்காரரிடம் கொடுக்காமல், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்து ரசீது வாங்கிக் கோப்பில் வையுங்கள். பார்கோடு ஸ்டிக்கரை உரிக்க மறந்துவிடாதீர்கள்.